கோடு சார் வீட்டு விரிசல்

யானை வரையச் சொன்ன வகுப்பில், தாள் முழுக்கச் சாம்பல் நிறத்தைப் பூசி அதன்மேல் சுருக்கம் சுருக்கமாகக் கோடு போட்டு நீட்டிய பையன் அவர். தும்பிக்கை இல்லை, வால் இல்லை, தந்தமும் இல்லை. "யானை எங்கடா?" என்று வாத்தியார் காதைத் திருக, "ரொம்பப் பக்கத்துல நின்னு பாத்தேன் சார்" என்றான் பையன். அந்தப் பதிலுக்கு வாங்கிய குட்டு குளிர்காலத்தில் இன்னும் வலிக்கும் என்பார்.

பின்னாளில் அவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் ஆனார். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, வானத்தில் நாலு காக்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினார். வீடு திரும்பியதும் கைகால் கழுவுகிற தண்ணீரிலேயே மலையையும் சூரியனையும் கழுவி விட்டுவிட்டு, கோடு போட உட்கார்ந்துவிடுவார். வெறும் கோடு. அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் பெயர் 'கோடு சார்'. அவருக்கு வேறு பெயர் இருப்பது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

"அரூப ஓவியம்னா என்ன சார்?" என்று மாடிப்படியில் ஒருநாள் டியூஷன் மாஸ்டர் மடக்கினார். முதல் மாடிக்காரர். சாயங்காலமானால் அவர் வீட்டு வாசலில் செருப்புக் கடை போட்டதுபோல் பிள்ளைகள் கூடிவிடும்.

"வரையறவனுக்கே என்னன்னு தெரியாம வரையறது."

"அப்ப என் பசங்க போடுற கணக்கு அத்தனையும் அரூபம்தான்" என்றார் மாஸ்டர்.

கோடு சாருக்கு இருந்த பிரச்சினை ஒன்றே ஒன்று. அவருடைய கை. கை தனக்குப் பழக்கமானதையே போடும். வளைக்கச் சொன்னால் நேற்று வளைந்த இடத்திலேயே வளையும். கண்ணை மூடிக்கொண்டு போட்டார், இடது கையால் போட்டார், ஓடும் பேருந்தில் உட்கார்ந்து போட்டார். எப்படிப் போட்டாலும் அதே கை, அதே வளைவு. ஐம்பது வயதுவரை அந்தக் கோடுகளை யாரும் சீண்டவில்லை. கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த படங்களை உறவினர்கள் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார்கள். அவரும் திருத்தவில்லை, அவருக்கே கொஞ்சம் சந்தேகம்.

அப்போதுதான் பக்கத்து மனையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். தரைக்கு அடியில் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். ஆழத்தில் ஊற்று கிளம்பியது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது, ஊற ஊற இறைத்தார்கள். மோட்டார் சத்தம் முதலில் தலைவலியாக இருந்தது, பிறகு பழகிப்போய்க் காதுக்குத் தெரியாமலே போனது. தெருவோரம் ஓடிய தண்ணீருக்கு ஒரு நிறம் இருந்தது. காவியும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஆறிய காயத்தின் விளிம்பில் இருக்குமே, அந்த நிறம். கோடு சார் அதை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து வடிகட்டி, அடியில் தங்கிய மண்ணைப் பசையில் குழைத்தார். இப்படி ஒரு நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று பூரித்துப்போனார். தண்ணீரோடு மண்ணும் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. அது யாருக்குமே தோன்றவில்லை. நம் காலடியில் இருப்பது நம்முடையது என்று எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

ஒரு காலையில், தரைத்தளத்தில் இருந்த அவர் வீட்டு முன்னறைச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. தலைமுடி அகலம். வேறு யாராக இருந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். கோடு சார் ஓடிப்போய் டிரேசிங் பேப்பர் வாங்கிவந்தார்.

ஏனென்றால் அந்தக் கோட்டுக்குப் பழக்கம் என்று ஒன்றும் இல்லை. அது எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. நேராக வந்து, எதையோ கேட்டதுபோல் நின்று, சட்டென்று ஒடிந்து, மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் இறங்கியது. கை வாழ்நாளெல்லாம் போடத் தவித்த கோட்டைச் சுவர் சும்மா நின்றபடி போட்டுவிட்டது.

அதிலிருந்து அவருடைய காலைகள் ஒரே மாதிரி ஆயின. டீ குடிப்பார். பேப்பரைச் சுவரில் ஒட்டுவார். பென்சிலை எடுத்தால் கோடு முடிகிறவரை கையை எடுக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. அப்படிப் படியெடுத்ததைத் திரைத்துணியில் மாற்றி, சுற்றிலும் அந்த மண்ணின் நிறத்தைக் கொட்டிப் பரப்புவார். நிறம் காய்ந்தால் எப்படி மாறும் என்று முன்கூட்டிப் பார்க்க, சின்னக் கண்ணாடித் துண்டுகளில் ஒரு சொட்டுத் தடவி வைப்பார். அந்தத் துண்டுகள் மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து வருபவை. அவர் ஒரு பெட்டி ஸ்லைடு வாங்கிக்கொடுத்திருந்தார்.

"எங்க வேலையும் உங்க வேலை மாதிரிதாங்க" என்பார் மனைவி. "ஸ்லைடுல சும்மா பாத்தா ஒண்ணுமே தெரியாது. மேல சாயத்த ஊத்துவோம். அப்புறம் கழுவுவோம். கழுவியும் எது போகலையோ அதுதான் வியாதி. ஒரே ஒரு வித்தியாசம், நாங்க ரிப்போர்ட் கொடுத்தா ஜனங்க நம்புவாங்க."

ஊரில் பெரிய ஓவியக் காலரி நடத்தும் அம்மாள் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண்காட்சிக்குத் தேதி குறித்தார். 'விரிசல்' என்றே தலைப்பு. ஒரு விமர்சகர் முன்கூட்டியே வந்து பார்த்து, 'மனித உறவுகளின் மௌனமான வெடிப்பு' என்று பத்திரிகையில் எழுதினார். அன்றைக்கே மனைவியின் அண்ணன் தொலைபேசியில் வந்துவிட்டார்.

"மாப்பிள்ள, வீட்டுல விரிசலாமே? பேப்பர்ல போடுற அளவுக்கு என்ன சண்டை? தங்கச்சிகிட்ட போனக் குடுங்க."

"சண்டை எல்லாம் இல்ல மச்சான். செவுத்துல."

"செவுத்துல முட்டிக்கிற அளவுக்கா!"

கொஞ்ச நாள் கழித்து அதே விமர்சகர் புதிய படங்களைப் பார்த்துவிட்டு, 'ஓவியரின் கோடு தயக்கத்தை விட்டுவிட்டது. அது அகன்று, மூச்சுவிடத் தொடங்கியிருக்கிறது' என்று எழுதினார். கோடு சார் அந்த வரியைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். முதிர்ச்சி என்பது இந்த வயதில்தான் வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு பெரிய படம் பாக்கி இருந்தது. ஆள் உயரத் திரைத்துணி. விரிசல் இறங்கி இறங்கி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அது தரையைத் தொடும் அன்றைக்குப் படம் முடியும். அவர் காத்திருந்தார்.

இதற்கிடையில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மோப்பம் பிடித்துவிட்டார். மேல்மாடிக்காரர். எதையும் பூசி மெழுகிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை, இந்த விஷயத்தில் அது பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் டியூஷன் மாஸ்டர் பயந்து, பொறியாளரைக் கூட்டிவந்துதான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

பொறியாளர் விரிசலை விரலால் தடவினார். பிறகு ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை விரிசலுக்குக் குறுக்கே பாலம்போல் வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டரை அப்பி ஒட்டினார்.

"வெறும் பூச்சு வெடிச்சிருக்கா, இல்ல செவுரே நகருதான்னு தெரியணும். கண்ணாடிக்கு நீளவும் தெரியாது, வளையவும் தெரியாது. ஒரு நூல் நகந்தாலும் படக்குனு உடைஞ்சிரும். உடைஞ்சா உடனே எனக்குச் சொல்லுங்க, அன்னைக்கே எல்லாரையும் வெளிய அனுப்பணும். உடையலைன்னா விரிசலப் பூசிட்டு நிம்மதியாத் தூங்குங்க."

கோடு சாருக்கு இரண்டுமே கசந்தது. உடைந்தால் வீடு போகும், உடையாவிட்டால் கோடு போகும். எப்படியும் பெரிய படம் முடியாது. ஆனாலும் பொறியாளர் மறுபடி வரும்வரை அவகாசம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சில நாள் கழித்துக் காலையில் படியெடுத்துக்கொண்டிருந்தார். பேப்பருக்கு அடியில் சில்லு புடைத்துக்கொண்டிருந்தது. பென்சில் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு சின்ன ஒலி. டிக். பேப்பரை எடுத்துப் பார்த்தால் சில்லு இரண்டாகிக் கிடந்தது.

'அடப்பாவி, அழுத்திட்டேனே' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்பவர் அல்ல. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். தன் கை பட்டு உடைந்ததற்காகக் குடியிருப்பையே காலி செய்யவைப்பது என்ன நியாயம்? திரைத்துணிக்குப் பூச வைத்திருந்த பிளாஸ்டர் டப்பா கையருகே இருந்தது. மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்தார். அந்த ஸ்லைடுகளுக்கு ஒரு ஓரம் மட்டும் பெயர் எழுத வசதியாக வெள்ளையாகத் தேய்த்திருக்கும். அந்த ஓரத்தை பிளாஸ்டருக்குள் புதைத்து, பார்த்தால் பழைய சில்லுபோலவே ஒட்டிவிட்டார். கைவேலையில் சுத்தக்காரர்.

அடுத்த தடவை பென்சிலை மயிலிறகுபோலப் பிடித்தார். அப்படியும் ஒரு காலையில் உடைந்தது. பேப்பரை ஒட்டிய டேப்பை இழுத்ததில் இருக்கலாம் என்று பார்த்தார். இல்லாவிட்டால் மேலே பிள்ளைகள். மாடிக்குப் போய், "பசங்களக் குதிக்க வேணாம்னு சொல்லுங்க சார்" என்றார்.

"வாய்ப்பாடு சொல்றாங்க சார். குதிச்சுக்கிட்டே வாய்ப்பாடு சொல்ற பசங்க எனக்கு இன்னும் கெடைக்கல."

இன்னொரு ஸ்லைடு ஒட்டினார்.

வீட்டில் சில விஷயங்கள் மாறிக்கொண்டிருந்தன. மேசையில் வைத்த பென்சில் தானாக உருண்டு, எப்போதும் ஒரே பக்கமாக விழுந்தது. குளியலறைக் கதவு தாழ்ப்பாளுக்கு எட்டாமல் முரண்டு பிடித்தது.

"மழைக்கு மரம் உப்பியிருக்கும்" என்றார் கோடு சார்.

"மழையா? எங்க பெஞ்சுது, உங்க படத்துலயா?" என்றார் மனைவி.

பொறியாளர் வந்தார். முழுதாக இருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். "நல்லாத் தொடச்சு வச்சிருக்கீங்களே சார், புதுசு மாதிரி இருக்கு" என்று பாராட்டினார். கட்டடம் அசையவில்லை, பாறைபோல் நிற்கிறது என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். செயலாளர் அந்தக் காகிதத்தைப் படியடியில் ஒட்டி, வரும் வாரம் பூச்சு வேலை என்று அறிவித்தார். கோடு சாருக்கும் நெஞ்சு லேசானது. பொறியாளரே சொல்லிவிட்டாரே! தன் சொந்த ஸ்லைடின் சாட்சியத்தைத் தானே நம்பிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

ஒரு விடுமுறை நாள் பகல். மனைவிக்கு மட்டும் லேபில் வேலை. மேலே சத்தம் இல்லை, பிள்ளைகள் சாயங்காலம்தான் வருவார்கள். கோடு சார் அறையின் இந்தக் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் தரையைத் தொட இன்னும் ஒரு சாண்தான்.

டிக்.

டம்ளரைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டும் அங்கேயேதான் இருந்தன.

மெதுவாக எழுந்து, முதன்முதலாகப் படியெடுத்த தாளைத் தேடியெடுத்துச் சுவரில் வைத்தார். ஜன்னல் மூலையில் கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. இடது கரையைப் பொருத்தினால் வலது கரை விலகி நின்றது. வலதைப் பொருத்தினால் இடது போயிற்று. நடுவில் ஒரு விரல் நுழைந்தது. உள்ளே குளிர்ந்த காற்று வந்தது. அந்தக் காற்றில் பள்ளத்தின் ஈரவாடை.

சுவரோரம் சாய்த்திருந்த படங்களைத் திரும்பிப் பார்த்தார். தயங்கிய கோடு, தயக்கம் விட்ட கோடு, அகன்று மூச்சுவிட்ட கோடு. முதிர்ச்சி அடைந்தது அவர் இல்லை. கட்டடம்.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரருகே போய், பிளாஸ்டரை நகத்தால் பெயர்த்தார். வெள்ளை ஓரம் தெரிந்தது.

"இது என் ஸ்லைடு."

"ஆமா."

"எத்தன தடவை மாத்துனீங்க?"

"ரெண்டு. சத்தியமா என் கை பட்டுதுன்னுதான்..."

"காய்ச்சக்காரன் தெர்மாமீட்டரத் தூக்கிப் போட்டுட்டு நல்லா இருக்கேன்னானாம். இத்தன வருஷம் உங்க படம் யாருக்கும் புரியலையேன்னு கவலைப்பட்டேன். உங்களுக்கே புரியல." கையை மேலே காட்டினார். "சாயங்காலம் மேல அத்தன புள்ளைங்க வரும்ங்க."

பொறியாளருக்குத் தொலைபேசி போட்டார்கள். "சார், நான் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்கு எங்க பாத்தாலும் கோடாத் தெரியுறது தொழில் வியாதி. திங்கக்கெழம வரேன்" என்று வைத்துவிட்டார். செயலாளர் தலைக்குச் சாயம் பூசத் தயாராகிக்கொண்டிருந்தவர், கதவைப் பாதி திறந்து கேட்டார். "கண்காட்சி எப்ப சார்? அதான பாத்தேன். வெளம்பரத்துக்கு என் கட்டடம்தான் கெடச்சுதா? கண்ணாடிய நீங்களே மாத்தினீங்களா! நல்ல கற்பனை. போங்க சார்." டியூஷன் மாஸ்டர் மட்டும் முகம் வெளுத்தார். ஆனால் அவரும் படியடிக் காகிதத்தைத்தான் காட்டினார். "உங்க வீட்டு விரிசலப் பாத்துட்டுத்தான் பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்காரு சார். பசங்களுக்குப் பரிட்சை. வெளிய போகச் சொன்னா அவங்க அம்மா அப்பா என்னத் தின்னுருவாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்திருந்தன.

கணவனும் மனைவியும் மாடிப்படியில் நின்றார்கள். முன்னறைச் சுவர்தான் அப்படியே நீண்டு படிக்கட்டுச் சுவராக மேலே ஏறியது. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

"இங்கயும் ஓடுது" என்றார் கோடு சார். "மேல வரைக்கும் ஓடுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

"எனக்குத் தெரியுது."

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தார். "அப்ப சாயம் போடுங்க."

கோடு சார் ஓடிப்போய்க் கறுப்பு மைப் புட்டியையும் தூரிகையையும் எடுத்துவந்தார். கீழ்ப்படியில் ஆரம்பித்தார். பிள்ளைகள் மாடிக்குப் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கும் நேரத்துக்குள், மாஸ்டர் வீட்டு வாசலைத் தாண்டி, செயலாளர் கதவு வரைக்கும் போய்விட்டார். இல்லாத இடத்தில் ஒரு வளைவுகூடச் சேர்க்கவில்லை. அகலத்தில் மட்டும் தாராளம். தலைமுடியை விரலளவுக்கு ஊதி, ஓரத்தில் நிழல் கொடுத்து, உள்ளே இருட்டு தெரியும்படி ஆழம் காட்டினார். இருப்பதை இருக்கிறபடி அவர் வரைந்தது அன்றுதான் முதல் தடவை. யானை வாத்தியார் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்த ஒரு சிறுமி சுவரைப் பார்த்தாள். "மிஸ்டர் மாஸ்டர்!" என்று அலறினாள், பயத்தில் மரியாதை இரண்டு பங்காகிவிட்டது. "செவுரு பொளந்துருச்சு!"

அடுத்து நடந்ததை ஓட்டம் என்று சொல்லமுடியாது, கொட்டியது. பிள்ளைகள், மாஸ்டர், மாஸ்டரின் மனைவி, மேல்வீட்டு ஆட்கள் என்று படிக்கட்டு முழுவதும் தெருவில் வந்து விழுந்தது. செருப்புகள் அங்கேயே கிடந்தன. கடைசியாகச் செயலாளர், பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாக இறங்கினார். முதல் மாடியில் நின்றார். சுவரைத் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"மை!" என்று கத்தினார். "யோவ் கோடு! இது மைய்யா!"

தெருவில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மாஸ்டருக்கு அவமானம், "சார், புள்ளைங்கள இப்படியா பயமுறுத்துறது?" என்றார்.

"எல்லாரும் மேல வாங்க! ஒண்ணும் இல்ல!" செயலாளர் மிதியடியருகே கிடந்த ஈரத்துணியை எடுத்தார். "இப்பப் பாருங்க, உங்க கண்ணு முன்னாலயே தொடைக்கிறேன். அப்புறம் இந்த ஆள் இங்க இருக்கமுடியுமான்னு சங்கத்துல பேசுவோம்."

துடைத்தார். மை கரைந்து, சாம்பல் நிறமாக வழிந்தது. நிழல் போயிற்று, ஆழம் போயிற்று. பிள்ளைகள் இரண்டு பேர் செருப்பைத் தேடிப் படியேற ஆரம்பித்தார்கள். கோடு சார் மனைவி குறுக்கே கையை நீட்டி அவர்களை நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க கண்ணுங்களா. கழுவி முடிக்கட்டும்."

செயலாளர் துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடி துடைத்தார். சுவர் வெளுத்தது. வெளுத்த சுவரில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு நின்றது. அழுத்தித் துடைத்தார். கோடு போகவில்லை. சுற்றிலும் வெளுக்க வெளுக்கத் தெளிவாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். நகத்தின் நுனி உள்ளே இறங்கியது.

தூங்குகிற நாயின் மேலிருந்து கையை எடுப்பதுபோலச் சுவரிலிருந்து கையை எடுத்தார். துணியைச் சத்தமில்லாமல் படியில் வைத்தார். நுனிக்காலால், ஒவ்வொரு படியாக, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி, தெருவுக்கு வந்து கோடு சாருக்குப் பக்கத்தில் நின்றார். நெற்றியில் சாயம் வழிந்தது.

"சார்," என்றார், கெஞ்சுகிற குரலில். "அது... நீங்க போட்ட கோடுதானே?"

"நான் போட்டத நீங்க தொடச்சிட்டீங்க சார்."

மாஸ்டர் பிள்ளைகளை எதிர்ச்சாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரோ பள்ளத்துக்கு ஓடிப்போய்ச் சண்டை போட்டதில் மோட்டார் நின்றது. இத்தனை நாள் காதில் விழாமல் இருந்த சத்தம், நின்றபிறகுதான் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. தெருவே காதை நீட்டிக்கொண்டு நின்றது.

பெரிய திரைத்துணி முன்னறையிலேயே இருந்தது, ஒரு சாண் பாக்கியோடு. ஜன்னல் வழியாக அதன் ஓரம் தெரிந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். வேண்டாம்.

அப்போது யாரும் தொடாமலே அவர்கள் வீட்டு வாசற்கதவு மெதுவாக நகர்ந்து, நிலையில் போய் இடித்து, சாத்தமுடியாமல் நின்றது.